பவுன் அத்தை சொன்ன மதிவதனி கதை

பவுன் அத்தைக்கு ஒரு குணம் உண்டு. யார் அவளுக்கு நல்லது செய்தார்கள் என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாள். யார் கெடுதல் செய்தார்கள் என்று கேட்டால் கிழமையோடு சொல்வாள். கல்யாணமாகிப் புனே வந்த புதிதில், கோர்படி பஜாரில் ஒரு கடைக்காரர் பைக்கு அடியில் அழுகின வெங்காயத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டார். அவர் இறந்துபோய் இப்போது அவர் மகன் கடையில் உட்கார்ந்திருக்கிறார். அத்தை இன்றைக்கும் அந்தக் கடை வந்தால் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கமாகப் போவாள்.

அப்படிப்பட்டவளைத்தான் சாவித்ரி மாமி படிக்கட்டில் உட்கார வைத்தாள்.

அத்தை எங்கள் ரயில்வே காலனியில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ். சொந்த அத்தை இல்லை, காலனியின் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவள் அத்தை. ஊர் குடியாத்தம் பக்கம். கணவர் சுந்தரமூர்த்தி மாமா டீசல் ஷெட்டில் ஃபிட்டர். வந்த புதிதில் அத்தைக்கு 'பானி' தவிர ஒரு இந்திச் சொல்லும் தெரியாதாம். இப்போது காய்கறிக்காரியோடு மராத்தியில் சண்டை போட்டு, மீதிக்கு ஒரு கொத்தமல்லிக் கட்டும் வாங்கிக்கொண்டுதான் வருவாள். ஊரிலிருந்து ரயிலில் கொண்டுவந்த கிரைண்டரில் மாவு அரைத்து, சுற்றியிருக்கிற தமிழ் வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவள் மாவில் இட்லி எப்படி வரும் என்று நான் எழுத ஆரம்பித்தால் கதை நின்றுவிடும்.

அத்தை வீட்டில் டிவி இருந்தது. ஆனால் எங்கள் காலனிக்குக் கேபிள் கொடுத்தவர் தமிழ்ச் சேனல் கொடுக்கவில்லை. மராத்தி வரும், இந்தி வரும், நாள் முழுக்க வளையல் விற்கிற சேனல் ஒன்று வரும், தமிழ் மட்டும் வராது. சாலைக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடிக் கட்டடங்கள். அங்கே கேபிள்காரர் வேறு ஆள், அவர் கொடுத்தார். அந்தக் கட்டடம் ஒன்றில் இரண்டாவது மாடியில் சாவித்ரி மாமி இருந்தாள். அவள் கணவர் கிருஷ்ணஸ்வாமி பேங்கில் அதிகாரி.

2002இல் ஒரு நாள் சாயங்காலம் அத்தை மாமி வீட்டுக்கு மாவு கொண்டுபோனாள். ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் கொட்டுகிற மழையில் ஒரு பெரிய வீட்டின் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். கேட்டுக்கு உள்ளே, குடை பிடித்துக்கொண்டு இன்னொருத்தி சிரித்தாள். அத்தை மாவுத் தூக்கைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

"யாரு மாமி அது?"

"மதிவதனி. சிரிக்கறாளே, அவ நாத்தனார் சௌதாமினி. மில்லையும் எழுதி வாங்கிண்டு, இவளை வெளியில தள்ளிட்டா."

"இவ இன்னா சும்மாவா நின்னுகினு கீறா?"

"பேசாதேடி, பாரு."

அன்றைக்குப் பிடித்ததுதான். மழையில் நின்ற மதிவதனி, "இதே கேட் வழியா வருவேன், எல்லாரும் பாக்க உன் கன்னத்துல என் கை பதியும்" என்று சபதம் போட்டாள். அதன் பிறகு அத்தை தினமும் எட்டு மணிக்கு மாமி வீட்டில் இருந்தாள். மாவு கொடுக்கிற நாளாக இல்லாவிட்டாலும் இருந்தாள். மாமா சாப்பாட்டுத் தட்டைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்ளப் பழகிவிட்டார்.

மாமி சும்மா பார்க்க விடவில்லை. அத்தை கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தவுடனே ஒரு முறத்தில் மேத்தி என்கிற வெந்தயக் கீரை வரும், அல்லது பட்டாணி வரும். கண் டிவியில் இருக்கும், கை கீரை ஆயும். இதை யாரும் பேசி முடிவு செய்யவில்லை. முதல் வாரத்தில் அத்தை தானாகவே உதவிக்குக் கை கொடுத்தாள், இரண்டாவது வாரத்தில் முறம் தயாராக இருந்தது. அத்தை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மதிவதனிக்காக அவள் ஒரு மூட்டைப் பட்டாணி உரித்திருப்பாள்.

மாதக்கணக்கில் மதிவதனி பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. தையல் தைத்தாள், ஜெயிலுக்குப் போனாள், ஒரு நல்ல வக்கீல் கிடைத்தார், கேஸ் ஜெயித்தது. கடைசியில் அந்த நாள் நெருங்கியது. நாளைக்கு மதிவதனி கேட்டுக்குள் போகிறாள் என்று காட்டிவிட்டார்கள். நாளைக்கு அறை விழும்.

மறுநாள் அத்தை தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள். நான் பெரிதாக்கிச் சொல்லவில்லை, எங்கள் காலனியே பார்த்தது. மாமி வீட்டுக் கதவு திறந்ததும் உள்ளே நிறையப் பேச்சுச் சத்தம். தமிழ்ச் சங்கத்துப் பெண்கள் வந்திருந்தார்கள். சோபா நிறைந்திருந்தது, நாற்காலிகள் நிறைந்திருந்தன. அத்தை உட்காருகிற கதவோரத்தில் அவர்களுடைய செருப்புகள் இருந்தன.

மாமி வாசலுக்கே வந்துவிட்டாள். கையில் முறம்.

"இன்னிக்கு எடமில்லடி பவுன். மனுஷா வந்திருக்கா. நீ இதைப் படியில உக்காந்து ஆஞ்சுடு. நான் அப்பறமா நோக்குக் கதை சொல்றேன்."

"மாமி, நின்னுகினே பாத்துக்கறேன்."

"நன்னாருக்காது. சொன்னாக் கேளு."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே யாரோ, "யாரு சாவித்ரி?" என்று கேட்டதும், "ஒண்ணுமில்ல, நம்மாத்துல கீரை ஆயறவ" என்று மாமி சொன்னதும் கதவு வழியாகக் கேட்டது.

அத்தை படியில் உட்கார்ந்தாள். ஏன் உடனே கிளம்பி வரவில்லை என்று பிற்பாடு பக்கத்து வீட்டு ஜெனிபர் அக்கா கேட்டதற்கு, "சவுண்டாவது கேக்கும்ல" என்றாள். கேட்டது. கேட் திறக்கிற சத்தம், வேகமாக அடிக்கிற மேளம், அப்புறம் அறை. அறை மூன்று முறை கேட்டது. ஒரே அறையை மூன்று பக்கத்திலிருந்து காட்டுகிறார்கள் என்று அத்தைக்குத் தெரியும். உள்ளே பெண்கள் கை தட்டினார்கள். அத்தை மடியில் மேத்தி இருந்தது.

எல்லோரும் போன பிறகு மாமி கதவைத் திறந்து முறத்தை வாங்கினாள்.

"இன்னா ஆச்சு மாமி?"

"என்ன ஆகும்? வந்தா, அறைஞ்சா. அவ்வளவுதான். நாழியாயிடுத்து, போய்ட்டு வா."

அவ்வளவுதான். மழையில் நின்ற நாளிலிருந்து காத்திருந்த அறையை மாமி இரண்டு சொல்லில் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அத்தை நேராக ஜெனிபர் அக்கா வீட்டுக்கு வந்தாள். அக்காவின் கணவர் அமல்ராஜ் அண்ணனும் டீசல் ஷெட்தான். அவர் எழுந்து வெளியே போய்விட்டார், அத்தையின் முகம் அப்படி இருந்தது.

"ஜெனிபரு, கேட்டுக்கோ. அந்த மாமி ஒரு நாளு என் வாசல்ல வந்து நின்னு, இன்னா ஆச்சு பவுனு, இன்னா ஆச்சுன்னு கேக்கணும். அது வரைக்கும் நான் தலையில பூ வெக்க மாட்டேன்."

"அக்கா, மதிவதனியும் இதே மாதிரிதான சொன்னா?"

"சொன்னா. ஜெயிச்சாளா இல்லியா?"

பூச் சபதம் அடுத்த நாளே போய்விட்டது. மாமா ஸ்டேஷன் வாசலில் மல்லிப் பூ வாங்கி வந்தார், அத்தை மறந்துபோய் வைத்துக்கொண்டாள். ஜெனிபர் அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் சபதத்தின் மற்றப் பாதி அப்படியே இருந்தது. அத்தை மாவு கொடுப்பதை நிறுத்தவில்லை. சாயங்காலம் போவதை விட்டுவிட்டு, காலையில் போய்க் கொடுத்தாள். ஏன் வருவதில்லை என்று மாமி கேட்கக்கூட இல்லை. அதையும் அத்தை சேர்த்து வைத்துக்கொண்டாள்.

முதல் வேலையாக அவள் எங்கள் கேபிள்காரரைப் பிடித்தாள். தமிழ் வீடுகள் அதிகம் இல்லை, கட்டுப்படியாகாது என்றார் அவர். மறுநாள் காலனிப் பெண்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய் அவருடைய சின்னக் கடையை அடைத்துக்கொண்டு நின்றாள். கன்னடக்காரப் பெண்கள் சிலரும் கூட்டத்தில் இருந்தார்கள், அவர்களையும் தமிழ் என்றே சொல்லிவிட்டாள். நாலைந்து தடவை இப்படிப் போன பிறகு, வளையல் விற்கிற சேனல் இருந்த இடத்தில் ஒரு நாள் தமிழ் வந்தது. அதற்குள் கதை எங்கேயோ போயிருந்தது. அறையைக் காட்டி மாதங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் அத்தை தன் வீட்டில், தன் கட்டிலில் சாய்ந்துகொண்டு மதிவதனியைப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் அங்கேதான் இருப்போம். யார் கையிலும் அவள் கீரை கொடுத்ததில்லை.

பழிவாங்குகிற வழியை அவளுக்கு மின்சார வாரியம் கொடுத்தது. 2005 கோடையில் மகாராஷ்டிரம் முழுக்க லோட்ஷெட்டிங். சாலைக்கு அந்தப் பக்கம் தினமும் சாயங்காலம் ஏழரைக்கு எல்லாம் அணைந்துவிடும். "லைட் கேலி!" என்று அந்தக் கட்டடத்துப் பிள்ளைகள் கரன்ட் போனதை மராத்தியில் கத்துவது எங்கள் பக்கம் வரை கேட்கும். எங்கள் காலனிக்கு ரயில்வேயின் தனி லைன், இங்கே விளக்கு எரியும். கிருஷ்ணஸ்வாமி சார் இன்வெர்ட்டர் வாங்க மறுத்துவிட்டார். "சீரியல் பாக்கறதுக்கு இன்வெர்ட்டரா? விசிறிண்டு உக்காரு" என்றாராம்.

முதல் வாரம் மாமி ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது வாரம், மாவுத் தூக்கை வாங்கும்போது யதேச்சையாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"ஏண்டி, உங்க பக்கம் கரன்ட் இருக்கோல்லியோ? அந்தக் கதை என்ன ஆச்சு?"

அத்தை அன்றைக்கு உண்மையைத்தான் சொல்ல நினைத்தாளாம். "ஊட்டுக்கு வாங்க மாமி, பாக்கலாம்" என்று முதலில் கூப்பிட்டாள்.

"ஐயோ, அந்தக் குவார்ட்டர்ஸ்ல வந்து யாரு உக்காருவா? நீ சொல்லு, போறும்."

அத்தை தூக்கைக் கீழே வைத்தாள். சொல்ல ஆரம்பித்தாள்.

"அத இன்னா கேக்குறீங்க மாமி! வக்கீலு இல்ல, நம்ம வக்கீலு, அவரு மேல லாரி மோதிட்ச்சு."

மோதவில்லை. உண்மையில் அந்த வக்கீல் ஜட்ஜ் ஆகியிருந்தார்.

"அடப்பாவமே! உசுரு?"

"உசுரு கீது. நெனப்புதான் போய்ட்ச்சு. மதிவதனிய பாத்து, நீ யாருமான்றாரு. அவ அப்டியே தூண புட்ச்சிகினு அழுவுறா."

மாமி மாவை உள்ளே கொண்டுபோகவில்லை. வாசலிலேயே நின்று கேட்டாள்.

அதிலிருந்து தினமும் நடந்தது. மாவு இல்லாத நாளில்கூட அத்தை காய் வாங்கப் போகிற சாக்கில் அந்தப் பக்கம் போனாள். வக்கீல் பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டார். துபாயிலிருந்து மதிவதனியின் இரட்டைச் சகோதரி வந்து இறங்கினாள். அவளுக்கு வலது பக்கம் மச்சம், மதிவதனிக்கு இடது பக்கம். சௌதாமினிக்கு அவள்தான் மதிவதனி என்று நினைப்பு. ஒவ்வொன்றையும் அத்தை முந்தின நாள் இட்லி அரிசி களையும்போது யோசித்து, எங்களிடம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போவாள். இங்கே நாங்கள் உண்மைக் கதையைப் பார்த்தோம், அங்கே மாமி அத்தையின் கதையைக் கேட்டாள். மாமிக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அந்தச் சீரியலை அத்தனை நாள் பார்த்த யாருக்கும் வந்திருக்காது.

"பாவம்கா, போதும்" என்றாள் ஜெனிபர் அக்கா.

"இன்னும் அவ என் வாசலுக்கு வர்லியே."

சித்திரை வருஷப் பிறப்புக்குத் தமிழ்ச் சங்கம் விழா வைத்தது. அந்த வருடம் பெண்களுக்கு மதிவதனி சீரியலில் வினாடி வினா. அறிவித்த நாளிலிருந்து யாரும் யாரோடும் கதை பேசுவதில்லை. போனில் கேட்டால்கூட, "நான் பாக்கறதே இல்லம்மா" என்று புளுகினார்கள். எல்லோருக்கும் பரிசின்மேல் கண். பரிசு மேஜைமேல் வைக்கிற சின்ன கிரைண்டர்.

விழாவுக்கு முந்தின நாள் காலை மாமி அத்தையைக் கையைப் பிடித்து உள்ளே கூப்பிட்டாள். முதல் தடவையாகச் சோபாவைக் காட்டி உட்காரச் சொன்னாள். அத்தை உட்காரவில்லை.

"பவுன், நாளைக்குப் போட்டி. இந்த வாரம் நடந்ததை ஒண்ணு விடாம சொல்லு. நீ நன்னா சொல்றே."

அத்தை எங்களிடம் ஒன்றை மறைக்காமல் சொன்னாள். அந்தச் சோபாவைப் பார்த்ததும் அவள் மனம் இளகியது. உண்மையை எல்லாம் சொல்லிவிடலாம், லாரியும் துபாயும் பொய் என்று சிரித்துச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் மாமியே பேசினாள்.

"அந்த கிரைண்டர் மட்டும் கெடைச்சுட்டா உன் மாவுக்கு ஒரு கும்பிடு. யார் கையால அரைச்சதோன்னு இல்லாம, ஆத்துலயே சுத்தமா அரைச்சுக்கலாம்."

மாமி அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொன்னது தப்பு என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"சொல்றேன் மாமி" என்றாள் அத்தை. "நேத்து இன்னா ஆச்சு தெரிமா? மதிவதனி மனசு மாறிட்ச்சு. சௌதாமினி கால்ல உழுந்து, நாந்தான் தப்பு பண்ணேன்னு சொல்லி, மில்லு சாவிய அவ கையிலயே குட்த்துட்டா."

மாமி கண் கலங்கிவிட்டாள்.

விழா கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. நாங்கள் காலனியே போனோம். அத்தை பச்சைப் பட்டு, தலை நிறையப் பூ. சங்கத்து ஸ்ரீநிவாசன் சார் மைக் பிடித்துக் கேள்வி கேட்டார். மேடையில் இருந்தவர்களில் மாமி முதல் நாற்காலி. பழைய கதையில் வந்த கேள்விகளுக்கெல்லாம் அவள் பட்பட்டென்று சொன்னாள். ஹால் கை தட்டியது. பிறகு இந்தக் கோடையின் கதைக்கு வந்தார்.

"மதிவதனியோட வக்கீல் இப்ப எங்க இருக்கார்?"

"பழனில" என்றாள் மாமி. "மொட்டை போட்டுண்டிருக்கார்."

ஹாலில் ஒரு சிரிப்பு எழுந்தது. மாமி வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஸ்ரீநிவாசன் சாரும் சிரித்தார்.

"இல்ல மேடம், சீரியஸா சொல்லுங்கோ."

"சீரியஸாத்தான் சொல்றேன். லாரி அடிச்சு நினைவு தப்பிடுத்தே! அந்த துபாய் தங்கைதானே அழைச்சுண்டு போனா?"

இந்தத் தடவை சிரிப்பு நிற்கவில்லை. மாமி பக்கத்து நாற்காலிகளைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் சோபாவில் உட்கார்ந்து அறையைப் பார்த்த அதே பெண்கள்தான் மேடையில் இருந்தார்கள். அவர்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

"சரி, கடைசிக் கேள்வி. மில் சாவி யார்கிட்ட இருக்கு?"

மாமியின் குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் சொன்னாள். "சௌதாமினிகிட்ட. மதிவதனி கால்ல விழுந்து குடுத்தா."

மதிவதனி சௌதாமினி காலில் விழுவதா! பின்வரிசையில் ஒருவர் விசில் அடித்தார். கிருஷ்ணஸ்வாமி சார் எழுந்து வெளியே போனார். மாமியின் கண்கள் ஹால் முழுக்கத் தேடின, கடைசியில் அத்தையிடம் வந்து நின்றன. அத்தை திரும்பிக்கொள்ளவில்லை. நேராகப் பார்த்தாள். ஜெனிபர் அக்கா என் கையை நசுக்கிவிட்டாள்.

கிரைண்டரை, கட்கி ஏரியாவிலிருந்து வந்த ராணுவக்காரர் மனைவி ஒருத்தி வாங்கிக்கொண்டு போனாள்.

அத்துடன் முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். மூன்று நாள் மாவு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள் மாமி. அடுத்த நாள், எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், சாலைக்கு அந்தப் பக்கம் முழுக்க இருட்டு. அத்தை வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் சாவித்ரி மாமி, கையில் டார்ச்.

"ஏண்டி இப்படிப் பண்ணினே? நான் நோக்கு என்ன பண்ணினேன்?"

"மறந்துட்டீங்களா மாமி? அப்பறமா கதை சொல்றேன்னு என்னிய படியில குந்த வெச்சீங்க. வந்தா, அறைஞ்சான்னு ரெண்டு வார்த்த சொன்னீங்க. நானு அப்டியா? லாரி, துபாயி, பழனின்னு எம்மா நேரம் சொன்னேன்!"

 மாமியின் கண் அத்தையின் தோளுக்கு மேலே போய்விட்டது. உள்ளே சீரியலின் பாட்டு ஆரம்பித்துவிட்டது. அவள் முகத்தில் கோபம் இருந்தது, ஆனால் கால் திரும்பிப் போகவில்லை. அந்த ஆசை எப்படிப்பட்டது என்று அத்தைக்குத் தெரியும்.

"நெஜமா என்னடி ஆச்சு?" என்றாள் மாமி. குரல் மிகவும் சின்னதாக வந்தது. "பவுன், என்ன ஆச்சு?"

அத்தை ஜெனிபர் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். சபதம் ஞாபகம் இருக்கிறதா என்கிற பார்வை. பிறகு கதவை முழுக்கத் திறந்தாள்.

"உள்ள வாங்க. எடம் கீது."

மாமி உள்ளே வந்து, கட்டிலில் இடம் இல்லாததால் கதவோரத்தில் தரையில் உட்கார்ந்தாள். அத்தை சமையலறைக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் முறம் இருந்தது. முறத்தில் மேத்தி. அவள் யார் கையிலும் கீரை கொடுத்ததில்லை என்று முன்னால் எழுதினேன். அன்றைக்குக் கொடுத்தாள்.

மாமி முறத்தைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள்.  டிவியில் மதிவதனி ஜன்னலருகே நின்று பழசை நினைக்க ஆரம்பித்தாள். மாமியின் கண் அங்கே போனது. கை தானாக ஒரு மேத்திக் காம்பை எடுத்தது.

"தண்டு போடாதீங்க மாமி, முத்தல்" என்றாள் அத்தை.

படம் கறுப்பு வெள்ளைக்கு மாறியது. ஒரு கேட் திறந்தது, மேளம் வேகமாக அடித்தது.

"இதோ, இதுதான்டி!" என்று மாமி கத்திவிட்டாள். "அன்னிக்கு நீ பாக்கலியே, அது இதுதான், இப்போ அவ வந்து..."

"பேசாதீங்க மாமி" என்றாள் அத்தை. "பாருங்க."

அறை விழுந்தது. முதலில் முன்னால் இருந்து, பிறகு பக்கத்திலிருந்து. மூன்றாவது தடவை மெதுவாக, சௌதாமினியின் தோடு கழன்று தரையில் உருளுகிற மாதிரி காட்டினார்கள். படியில் உட்கார்ந்து கேட்ட சத்தத்தில் தோடு உருண்டது அத்தைக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, அது உருண்டு நிற்கும் வரை பார்த்தாள்.